ஏர்லி பீச்ல நாமளே படகு எடுத்து ஓட்டணும்னா: முதல் தடவை போறவங்களுக்கு

போன வருஷம் செப்டம்பர் கடைசியில ஸ்கூல் லீவுக்கு நாங்க ஏர்லி பீச் போனோம். ஆஸ்திரேலியாவுல குவீன்ஸ்லாந்து மாநிலத்துல இருக்குற சின்ன கடலோர ஊர். எதிர்ல விட்சண்டே தீவுகள், மொத்தம் 74, அதுல முக்கால்வாசியில ஆளே இல்ல. அங்க ஒரு விசேஷம் என்னன்னா படகு ஓட்டுற லைசன்ஸ் இல்லாதவங்களும் 40 அடி பாய்மரப் படகை வாடகைக்கு எடுத்துட்டு நாலஞ்சு நாள் தாங்களே ஓட்டிட்டுத் திரியலாம். இத அங்க பேர்போட்னு சொல்றாங்க, அதாவது கேப்டன், சமையல்காரர் யாரும் இல்லாம வெறும் படகு மட்டும். இத கேட்டவுடனே என் மச்சான் "கார் ஓட்டுற மாதிரிதானே, பாத்துக்கலாம்"னு சொன்னான், நானும் தலையாட்டிட்டேன், அங்க ஆரம்பிச்சது எல்லாம்.

நாங்க 8 பேர். நாலு பெரியவங்க, ரெண்டு பசங்க, திருச்சியிலருந்து வந்திருந்த மாமா அத்தை. போயிட்டு வந்தது நல்ல அனுபவம்தான், இல்லங்கல. ஆனா முன்னாடியே யாராவது சொல்லியிருந்தா ஒரு 900 டாலரும், ரெண்டு ராத்திரி தூக்கமும், ஒரு முழு வாளி இட்லி மாவும் மிச்சமாயிருக்கும். அதனால வரிசையா எழுதுறேன், உங்களுக்காவது உதவட்டும்.

1. முதல்ல உங்களுக்கு இது சரிப்படுமான்னு பாருங்க

லைசன்ஸ் வேண்டாம்னா யாருக்கு வேணா குடுத்துருவாங்கன்னு அர்த்தம் இல்ல. புக் பண்ணும்போதே ஒரு ஃபார்ம் வரும், இதுக்கு முன்னாடி என்ன படகு ஓட்டியிருக்கீங்க, எத்தனை அடி, எத்தனை நாள், கூட யாரு உதவிக்குன்னு கேப்பாங்க. ஓட்டுறவர் ஒருத்தர், அவருக்குக் கைகொடுக்க உடம்பு திடமா இருக்குற இன்னொரு பெரியவர், குறைஞ்சது இந்த ரெண்டு பேர் வேணும். அந்த ஃபார்ம்ல தயவுசெஞ்சு கதை விடாதீங்க. என் மச்சான் ஏதோ ஏரியில பெடல் போட் மிதிச்சதையெல்லாம் அனுபவம்னு எழுதப் போனான், நான்தான் அழிச்சேன். உண்மைய சொன்னா அவங்களே வழி சொல்வாங்க: முதல் நாள் சில மணி நேரம் கூட ஒரு ஆள அனுப்பி சொல்லித்தர்றது, இல்ல முதல் ராத்திரி வரைக்கும் அவர் கூடவே இருக்குறது. இதுக்குத் தனி காசு, ஆனா நான் செலவழிச்சதுலேயே உருப்படியான காசு இதுதான்.

இன்னொரு விஷயம், பாய் விரிச்சுத்தான் ஓட்டணும்னு கட்டாயம் இல்ல. படகுல டீசல் எஞ்சின் இருக்கும், நாங்க போன தூரத்துல பாதிக்கு மேல எஞ்சின்லதான் போனோம். பாய் விரிக்கலன்னா யாரும் கேவலமா பாக்க மாட்டாங்க.

உங்கள்ல யாருக்கும் நிஜமாவே தைரியம் இல்லன்னா அசிங்கப்பட ஒண்ணும் இல்ல, கேப்டனோட எடுத்துக்கலாம், ஒரு நாளைக்கு சில நூறு டாலர் கூடுதல், அவருக்கு ஒரு படுக்கை, மூணு வேளை சாப்பாடு. ரெண்டு மூணு பேர்தான் போறீங்கன்னா ஆள் ஆளுக்கு டிக்கெட் எடுத்துப் போற ரெண்டு நாள் ரெண்டு ராத்திரி படகுகள் நிறைய இருக்கு, அதுதான் மலிவு. 6 பேருக்கு மேல சேர்ந்தாதான் பேர்போட் கட்டுப்படியாகும்.

2. எப்போ போறது

இதுலதான் நிறைய பேர் ஏமாறுறாங்க, மலிவா இருக்கேன்னு ஜனவரி பிப்ரவரியில புக் பண்ணிடுறாங்க. நவம்பர்லருந்து ஏப்ரல் வரைக்கும் புயல் சீசன். 2017 மார்ச்ல டெபி புயல் இந்த ஊர் பக்கம்தான் அடிச்சுத் துவைச்சுது. அது போக நவம்பர்லருந்து மே வரைக்கும் கடல்ல விஷ ஜெல்லி மீன் ஜாஸ்தி, பாக்ஸ் ஜெல்லி மீன்னும் இருகாஞ்சின்னும் ரெண்டு வகை, ரெண்டும் ஆள காலி பண்ணக்கூடியது. உடம்பு பூரா மூடுற ஸ்டிங்கர் சூட் போடாம தண்ணியில கால் வைக்கக் கூடாது.

ஏப்ரல் மேல தொடங்கி ஆகஸ்ட் வரைக்கும் தென்கிழக்குக் காத்து நல்லா வீசும், 15லருந்து 25 நாட் (கடல்ல காத்து வேகத்த சொல்ற அளவு) வரைக்கும்கூட. படகு தெரிஞ்சவங்களுக்குக் கொண்டாட்டம், நம்மள மாதிரி ஆளுங்களுக்கு வயித்தக் கலக்கும். ஆகஸ்ட்ல ஏர்லி பீச்லயும் ஹேமில்டன் தீவுலயும் ரேஸ் வீக்னு பாய்மரப் படகுப் போட்டி நடக்கும், அப்போ ரூமும் கிடைக்காது, படகு நிறுத்துற துறை, அதான் மரினா, அங்க எடமும் கிடைக்காது. நான் சொல்றது செப்டம்பர், அக்டோபர். காத்து கொஞ்சம் அடங்கும், வெயில் இருக்கும், தண்ணி ரொம்ப சில்லுனு இருக்காது, செப்டம்பர்ல அதிர்ஷ்டம் இருந்தா திமிங்கலமும் பாக்கலாம். பாத்தா கிட்ட போகாதீங்க, இந்தப் பகுதியில 300 மீட்டர் தள்ளியே நிக்கணும்னு சட்டம், மத்த எடத்துல 100ன்னு கேள்விப்பட்டிருப்பீங்க, இங்க அது செல்லாது.

ஸ்கூல் லீவுல போறதா இருந்தா ஆறேழு மாசம் முன்னாடியே புக் பண்ணுங்க. நாங்க மூணு மாசம் முன்னாடி தேடினோம், கிடைச்சது ஒரே ஒரு படகு, விலை அவங்க சொன்னதுதான்.

3. பேப்பர் வேலை

இங்க ஆஸ்திரேலியாவுல இருக்குறவங்களுக்கு பெருசா ஒண்ணும் இல்ல. போட்டோ ஐடி, கிரெடிட் கார்டு, அந்த அனுபவ ஃபார்ம், வர்றவங்க எல்லாரோட பேர் வயசு. கார் லைசன்ஸையும் கையில வச்சுக்கோங்க, படகுக்கு இல்ல, ஹேமில்டன் தீவுல எறங்குனா அங்க கார் கிடையாது, எல்லாம் கோல்ஃப் பக்கிதான், அத வாடகைக்கு எடுக்க லைசன்ஸ் கேப்பாங்க. 40 அடி படகுக்கு லைசன்ஸ் வேண்டாம், பேட்டரி வண்டிக்கு வேணும், என்ன நியாயமோ.

ஊர்லருந்து அப்பா அம்மாவையோ மாமா அத்தையையோ கூட்டிட்டுப் போறீங்கன்னா அவங்களுக்கு விசிட்டர் விசா, சப்கிளாஸ் 600. ஆன்லைன்லயே போடலாம், ஃபீஸ் 200 டாலர ஒட்டி வருது, வருஷா வருஷம் ஜூலையில ஏறும். பேங்க் ஸ்டேட்மெண்ட், உங்க அழைப்புக் கடிதம், ஊர்ல திரும்பிப் போறதுக்கான ஆதாரம் (வீட்டுப் பத்திரம், பென்ஷன் பேப்பர் இந்த மாதிரி) எல்லாம் ஒரே தடவையில ஏத்திடுங்க. மாமாவுக்கு நாங்க பென்ஷன் பேப்பர் விட்டுட்டோம், அவங்க திருப்பிக் கேட்டு, நாங்க அனுப்பி, மூணு வாரம் போச்சு. விசா கையில வர்ற வரைக்கும் படகுக்கு முழுப் பணம் கட்டாதீங்க. சிங்கப்பூர், மலேசியா பாஸ்போர்ட்காரங்களுக்கு இந்தத் தொல்லை இல்ல, இடிஏன்னு ஆன்லைன் பயண அனுமதி, ஆஸ்திரேலியன் இடிஏ ஆப்லயே போட்டுக்கலாம், 20 டாலர்தான்.

இன்சூரன்ஸ் எடுக்கும்போது ஒரு வரி கவனிங்க. சாதாரண டிராவல் இன்சூரன்ஸ் சிலதுல நீங்களே ஓட்டுற படகு சேராது. போன் பண்ணி "பேர்போட் கவர் ஆகுமா"ன்னு நேரா கேட்டு, பதில ஈமெயில்ல வாங்கிக்கோங்க. பெரியவங்களுக்கு இது ரொம்ப முக்கியம், இந்தியாவுலருந்து விசிட்டர்ல வந்தவங்களுக்கு மெடிகேர், அதாவது இங்க அரசாங்க மருத்துவ உதவி, கிடையாது.

அத்தை ஊர்லருந்து கறிவேப்பிலை கொண்டு வந்து சிட்னி ஏர்போர்ட்ல குப்பையில போட்டது தனிக் கதை. சாப்பாட்டுப் பொருள் எதுவா இருந்தாலும் நாட்டுக்குள்ள வரும்போது நிரப்புற கார்டுல டிக் பண்ணச் சொல்லிடுங்க. சொன்னா பொருள்தான் போகும், சொல்லலன்னா ஃபைன்.

4. செலவு, நாங்க குடுத்தது

8 பேருக்கு 40 அடி கேட்டமரான், அதாவது ரெட்டை அடிப்பாகம் உள்ள படகு, ஒரு ராத்திரிக்கு 1,150 டாலர் வந்துச்சு, 4 ராத்திரிக்கு 4,600. ஒத்த அடிப்பாகம் உள்ளது இதவிட நல்லா மலிவு, ஆனா அது சாஞ்சுக்கிட்டே போகும், சின்னப் பசங்க, பெரியவங்க இருந்தா வேண்டவே வேண்டாம், அந்தக் காச மிச்சம் பண்ணாதீங்க.

இதோட நிக்காது. டீசல், ஸ்டிங்கர் சூட் வாடகை, முதல் நாள் சொல்லிக்குடுத்தவருக்குக் காசு, மரைன் பார்க்குக்குள்ள இருக்குற ஒவ்வொரு நாளுக்கும் ஆளுக்கு சில டாலர் அரசாங்கக் கட்டணம், கார் பார்க்கிங், இதெல்லாம் சேர்ந்து எங்களுக்கு 1,000 டாலர் கிட்ட ஆச்சு. விளம்பரத்துல போட்ட விலைய மட்டும் வச்சு எட்டால வகுத்து ஃப்ரெண்ட்ஸ்கிட்ட சொல்லிட்டு அப்புறம் மறுபடி மறுபடி காசு கேட்டுட்டு நிக்காதீங்க, நான் நின்னேன்.

அப்புறம் பாண்ட். உங்க கிரெடிட் கார்டுல ஒரு பெரிய தொகைய பிடிச்சு வச்சுப்பாங்க, படகு அடிபட்டா அதுலருந்து எடுத்துப்பாங்க. தினம் கொஞ்சம் காசு கூடுதலா கட்டினா அந்தத் தொகைய குறைச்சுப்பாங்க. நாங்க "நமக்கென்ன ஆகப் போகுது"ன்னு கூடுதல் காசு கட்டல. மூணாவது நாள் டிங்கியோட (கரைக்குப் போக வர கூட இழுத்துட்டுப் போற குட்டிப் படகு) ப்ரொப்பெல்லர் பாறையில உரசிடுச்சு, 640 டாலர் போச்சு. நான் மறுபடி போனா அந்தக் காச கட்டிடுவேன். டிங்கி, அதோட மோட்டார், ப்ரொப்பெல்லர் இதெல்லாம் அந்த கவர்ல உண்டா இல்லையான்னும் கேட்டுக்கோங்க, எல்லாத்துலயும் இருக்காது.

காத்து பலமா அடிச்சு நகரவே கூடாதுன்னு சொல்லிட்டா அந்த நாளுக்குக் காசு திரும்ப வருமான்னு கான்ட்ராக்ட்ல பாருங்க. எங்க கான்ட்ராக்ட்ல வராதுன்னு ஏழாவது பக்கத்துல இருந்துச்சு. யாரு ஏழாவது பக்கம் படிக்கிறா.

5. போய்ச் சேர்றது

ஃப்ளைட்ல ப்ரொசர்பைன் ஏர்போர்ட்டுக்கு எடுங்க, விட்சண்டே கோஸ்ட்னு பேர் போட்டிருக்கும். அங்கிருந்து ஏர்லி பீச் பஸ்ல 40 நிமிஷம் மாதிரி, வழி பூரா கரும்புத் தோட்டம், மாமா ஜன்னல்ல மூக்க ஒட்டிட்டு "லால்குடி மாதிரியே இருக்கு மாப்ளே"ன்னு சொல்லிட்டே வந்தாரு. ஹேமில்டன் தீவு ஏர்போர்ட்டும் சர்ச்ல வரும், சில நேரம் மலிவாக்கூட இருக்கும், ஆனா அது தீவு. உங்க படகு ஏர்லி பீச்ல இருந்தா அங்கருந்து ஒரு மணி நேரம் ஃபெரி பிடிக்கணும், அதுக்கு 8 பேருக்கு டிக்கெட் போட்டுப் பாருங்க, மலிவு எங்க போச்சுன்னு தெரியும்.

படகு ஏர்லியில எந்த எடத்துலருந்து கிளம்புதுன்னும் கேட்டுக்கோங்க. கோரல் சீ மரினா, போர்ட் ஆஃப் ஏர்லி ரெண்டும் ஊருக்குள்ளயே, ஷூட் ஹார்பர் 10 கிலோமீட்டர் தள்ளி. நாங்க தப்பான எடத்துல 25 நிமிஷம் பெட்டியோட நின்னோம்.

முந்தின நாளே போய் ஒரு ராத்திரி தங்கிடுங்க. கிளம்புற அன்னைக்கு காலையில ஃப்ளைட்ல வந்து எறங்கி அப்படியே படகு ஏறலாம்னு திட்டம் போட்டா, ஃப்ளைட் ரெண்டு மணி நேரம் லேட்டானாகூட அன்னைக்கு நீங்க கிளம்ப முடியாது, ஏன்னு கீழ சொல்றேன். சில கம்பெனிங்க முந்தின ராத்திரி மரினாவுலயே படகுல படுத்துக்க விடுவாங்க, ஹோட்டல விட மலிவு.

ஊருக்கு பீச்னு பேர் இருக்கே தவிர குளிக்கிறதுக்குன்னு சொல்லிக்கிற மாதிரி கடற்கரை கிடையாது. அதுக்கு பதிலா கடலோரத்துல லகூன்னு பெரிய நீச்சல் குளம் கட்டி வச்சிருக்காங்க, ஃப்ரீ, ஜெல்லி மீன் பயம் இல்ல, லைஃப்கார்ட் இருக்காங்க. பசங்கள அங்க விடுங்க. மெயின்லேண்ட் பக்கத்து ஆறு, ஓடை எதுலயும் எறங்காதீங்க, முதலை நிஜமாவே இருக்கு, போர்டு சும்மா வைக்கல.

6. சாமான் வாங்குறதும் பேக்கிங்கும்

ஹார்ட் சூட்கேஸ் வேண்டாம். படகுல அத வைக்க எடமே இல்ல, மடக்கி சொருகுற மாதிரி துணிப் பைதான். அத்தையோட பெரிய பெட்டி நாலு நாளும் ஷவருக்குள்ளதான் இருந்துச்சு, குளிக்கிற ஒவ்வொரு தடவையும் வெளிய தூக்கி வைக்கணும்.

ஏர்லிக்குப் பக்கத்துல கேனன்வேல்ல பெரிய சூப்பர்மார்க்கெட் இருக்கு, அரிசி, காய், பால், ரொட்டி எல்லாம் அங்க வாங்கிடுங்க. நம்ம மசாலா, பருப்பு, ஊறுகாய் வீட்டுலருந்தே. இங்கதான் நாங்க செஞ்ச பெரிய முட்டாள்தனம், படகுல மிக்சி ஓடாது. பேட்டரியிலதான் எல்லாம், ஃப்ரிட்ஜ் ஓடவும் போன் சார்ஜ் போடவும்தான் அது தாங்கும், அதுக்கே காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் எஞ்சின ஓட விடணும். ஹேர் ட்ரையர், ரைஸ் குக்கர், மிக்சி எதுவும் எடுத்துட்டு வராதீங்க. சட்னி வேணும்னா அரைச்சு ஃப்ரீஸ் பண்ணி எடுத்துட்டு வாங்க.

இட்லி மாவு எடுத்துட்டு வந்தே தீருவேன்னு அத்தை ஒரு வாளி நிறைய கரைச்சு மூடி வச்சாங்க. ஏர்லி பீச் வெயில்ல, ஆடுற படகுல, அது ராத்திரியோட ராத்திரியா பொங்கி மூடியத் தள்ளி மெத்தைக்கு அடியில ஓடிடுச்சு. அந்த கேபின்ல கடைசி வரைக்கும் யாரும் படுக்கல. புளியோதரை, லெமன் சாதத்துக்கு மிக்ஸ், சப்பாத்தி, ரவை உப்புமா, இதுதான் படகுக்குத் தோதான சாப்பாடு. பின்னாடி கம்பியில ஒரு கேஸ் பார்பிக்யூ இருக்கும், மசாலா தடவி மீனோ பன்னீரோ போட்டா போதும். அடுப்பு அணைச்சவுடனே சிலிண்டர் வால்வையும் மூடுங்க, ஒவ்வொரு தடவையும்.

தண்ணி டேங்க்ல சில நூறு லிட்டர்தான், 8 பேர். குளியல்னா ஒரு நிமிஷம். குடிக்க தனியா கேன் வாங்கிடுங்க.

எல்லாரும் கூச்சப்பட்டு சொல்லாத விஷயம் டாய்லெட். கையால பம்ப் பண்றது, ட்யூப் ரொம்ப சின்னது. டிஷ்யூ, பேபி வைப்ஸ், நாப்கின் எதுவும் போகக் கூடாது. அடைச்சுக்கிட்டா நீங்கதான் பிரிச்சு எடுக்கணும். இத பெரியவங்களுக்கு உக்கார வச்சு ஒரு தடவை செஞ்சு காட்டிடுங்க, சங்கடமாத்தான் இருக்கும், பரவாயில்ல.

வாந்தி மாத்திரை கிளம்புறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி போடணும், தலை சுத்த ஆரம்பிச்சப்புறம் போட்டா வேலைக்காகாது. நீளக் கை நீச்சல் சட்டை, தொப்பி, பாறையில நடக்க ரப்பர் ஷூ எல்லாருக்கும் வேணும்.

7. முதல் நாள்: ப்ரீஃபிங்

காலையில எட்டு ஒன்பது மணிக்கு வரச் சொல்வாங்க. ரெண்டு மூணு மணி நேரம் சொல்லிக்குடுப்பாங்க: எஞ்சின், நங்கூரம், பாய், ரேடியோ, மேப், எங்க போகலாம் எங்க கூடாது. போன்ல வீடியோ எடுத்துக்கோங்க, குறிப்பா நங்கூரம் எறக்குறதும் டாய்லெட் வால்வும். ரெண்டு பேர் கவனிக்கணும், ஒருத்தர் மட்டும் கேட்டா பத்தாது.

இங்கதான் எல்லா திட்டமும் மாறும். ஏன்னா ரூல் இதுதான்: சாயங்காலம் 4 மணிக்குள்ள அன்னைக்கு ராத்திரிக்கான எடத்துல நங்கூரம் போட்டு நின்னுடணும், ராத்திரியில ஓட்டவே கூடாது. காலையிலயும் மதியமும் ரேடியோவுல கம்பெனி கூப்பிடும், நீங்க எங்க இருக்கீங்க, அடுத்து எங்க போறீங்க, ஏதாவது ரிப்பேரான்னு கேப்பாங்க, வானிலையும் சொல்வாங்க. அந்த நேரத்துல ரேடியோவ ஆஃப் பண்ணிட்டு நீந்தப் போயிட்டீங்கன்னா உங்களத் தேட ஆரம்பிச்சுருவாங்க. காலையில ஃப்ளைட் பிடிச்சு வந்து பதினோரு மணிக்கு ப்ரீஃபிங் உக்காந்தா, முடிய ரெண்டு மணி, 4 மணிக்குள்ள எங்கயும் போய்ச் சேர முடியாது, ஒரு ராத்திரி வாடகை மரினாவுல நின்னே கழியும்.

இன்னொன்னு கேட்டுட்டு நிறைய பேர் முகம் சுருங்கிடும்: பேர்போட்ல கிரேட் பேரியர் ரீஃபோட வெளிப் பவளத்திட்டுக்குப் போக முடியாது. போஸ்டர்ல வர்ற அந்த ஹார்ட் ரீஃப், ஹார்டி ரீஃப் எல்லாம் உங்க எல்லைக்கு வெளிய. அதுக்கு ஏர்லியிலருந்து தனியா ஒரு நாள் டூர், ஹார்ட் ரீஃபோட இதய வடிவம் வானத்துலருந்து பாத்தாதான் தெரியும். தீவ ஒட்டியே நல்ல பவளம் இருக்கு, வருத்தப்படாதீங்க.

8. வழி போடுறது

நாலு நாள்ல பத்து எடம்னு நாங்க எக்செல் ஷீட் போட்டு வச்சிருந்தோம், கடைசியில அஞ்சு எடம் பாத்தோம், அதுவே ஜாஸ்தி. நீங்க எடத்த முடிவு பண்றதுக்கு முன்னாடி காத்து எந்தப் பக்கம்னு பாக்கணும். தென்கிழக்குக் காத்துன்னா ஹூக் தீவோட வடக்குப் பக்கம் பட்டர்ஃப்ளை பே, மாந்தா ரே பே, ஹேமன் தீவுல ப்ளூ பேர்ல் பே எல்லாம் குளம் மாதிரி இருக்கும், ஸ்நார்க்கலுக்கு அருமை. அக்டோபர் கடைசியில வடக்குக் காத்து திரும்பினா அதே எடம் ராத்திரி பூரா தொட்டில் ஆட்டும், இல்ல நிக்கவே முடியாது.

முதல் ராத்திரிக்கு நாரா இன்லெட் போங்க. ஏர்லியிலருந்து மூணு மணி நேரம், நீளமா உள்ள போற எடம், எந்தக் காத்தும் அவ்வளவா வராது, புதுசா நங்கூரம் போடுறவங்களுக்குத் தோதான எடம். மேல ஏறினா ங்காரோ பழங்குடி மக்களோட குகை ஓவியம் இருக்கு, பத்து நிமிஷ ஏத்தம்தான், மாமாவே ஏறிட்டாரு. அங்க போன்ல சிக்னல் கிடையாது, வீட்டுக்கு சொல்ல வேண்டியத முன்னாடியே சொல்லிடுங்க. வெள்ளைக் கிளி, காக்கட்டூ, கூட்டமா வந்து படகுல உக்காரும், அழகா இருக்கேன்னு போட்டோ எடுக்குற நேரத்துல ரொட்டி பாக்கெட் போயிரும்.

வைட்ஹேவன் பீச்சுக்குத்தான் எல்லாரும் வர்றது. 7 கிலோமீட்டர் நீளம், மணல் 98 சதவீதம் சிலிக்கா, வெயில்லயும் கால் சுடாது. அந்த நீலமும் வெள்ளையும் சுழிச்சுக் கிடக்குற போட்டோ ஹில் இன்லெட் வியூ பாயிண்ட்லருந்து எடுக்குறது, அதுக்கு டங் பேல படகக் கட்டிட்டு டிங்கியில கரைக்குப் போய் ஏறணும், போக வர ஒன்றரை கிலோமீட்டர்கூட இருக்காது. ரெண்டு விஷயம். தண்ணி வத்தி இருக்குற நேரத்துலதான் அந்த சுழி தெரியும், ஏத்தத்துல போனா வெறும் தண்ணிதான். அப்புறம் டூர் படகெல்லாம் ஒன்பது பத்து மணிக்கு வந்து எறங்கிடும், அதுக்கு முன்னாடி போயிடணும். இந்த ரெண்டும் ஒத்து வர்ற நாள் உங்க நாலு நாள்ல ஒண்ணோ ரெண்டோதான் இருக்கும், டைட் டேபிள் (கடல் தண்ணி ஏறி எறங்குற நேர அட்டவணை) பாத்து அந்த நாள முதல்ல குறிச்சுட்டு மத்தத சுத்தி அடுக்குங்க. நாங்க இத உல்டாவா பண்ணோம், மேல ஏறிப் பாத்தப்போ சுழியே இல்ல, சும்மா நீலமா இருந்துச்சு.

அங்க போற வழியில ஹூக் பேசேஜ், சால்வே பேசேஜ்னு குறுகலான எடம், நீரோட்டம் பயங்கரமா இழுக்கும். காத்து ஒரு பக்கம், ஓட்டம் எதிர்ப்பக்கம்னா அலை செங்குத்தா நிக்கும். தண்ணி ஏத்தம் எறக்கம் மாறுற நேரம் பாத்து தாண்டுங்க, காலை ரேடியோவுல கேட்டா அவங்களே மணி சொல்வாங்க, கேக்குறதுக்குக் கூச்சப்படாதீங்க.

பீச்ல பெரிய உடும்பு திரியும், சாப்பாட்டுப் பைய கீழ வைக்காதீங்க. மணல எடுத்துட்டு வரக் கூடாது, பசங்க பாக்கெட்ட பாருங்க.

சிட் ஹார்பர் ராத்திரி தங்க நல்ல எடம், எல்லாரும் அங்கதான் நிப்பாங்க. ஆனா தண்ணியில எறங்காதீங்க, சும்மா ஒரு முங்கு போடக்கூட குதிக்காதீங்க. 2018ல அங்க ரெண்டு மாசத்துக்குள்ள மூணு பேர சுறா தாக்குச்சு, ஒருத்தர் செத்துட்டாரு. மீன் மிச்சம், சாப்பாட்டு மிச்சத்த தண்ணியில கொட்டுறதையும் எங்கயும் பண்ணாதீங்க.

9. நங்கூரம், மூரிங், டிங்கி

பயமெல்லாம் ஓட்டுறதுல இல்ல, நிறுத்துறதுலதான். நங்கூரச் சங்கிலி எவ்வளவு விடணும்னா இப்போ இருக்குற ஆழம் மட்டும் பத்தாது. இப்போ 6 மீட்டர், ராத்திரி ஏத்தத்துல இன்னும் 3 மீட்டர் ஏறும், தண்ணி மட்டத்துலருந்து படகு மூக்கு வரைக்கும் ஒரு மீட்டர், ஆக 10, அதுக்கு நாலஞ்சு மடங்கு, 40லருந்து 50 மீட்டர் சங்கிலி. நாங்க முதல் ராத்திரி 20 மீட்டர்தான் விட்டோம். ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சுப் பாத்தா பக்கத்துப் படகு ஜன்னல் வழியா அவங்க டீ கப்பே தெரியுது. நாங்கதான் நகர்ந்து போயிருக்கோம். நைட்டியோட அத்தை டார்ச் பிடிக்க, நாங்க சங்கிலிய இழுத்து மறுபடி போட்டு, அப்புறம் யாரும் தூங்கல. போட்டு முடிச்சதும் எஞ்சின ரிவர்ஸ்ல லேசா குடுத்து நங்கூரம் பிடிச்சுதான்னு பாருங்க, கரையில ரெண்டு பாறைய அடையாளம் வச்சுக்கோங்க. அடியில மணல் இருக்குற எடத்துலதான் போடணும், பவளத்து மேல போட்டா ஃபைன்.

நிறைய எடத்துல அரசாங்கமே படகு கட்ட மிதவை போட்டு வச்சிருக்கு, இதுதான் மூரிங், அதுல கட்டிக்கலாம், காசு இல்ல. மிதவையில ஒரு கலர் பட்டை இருக்கும், எத்தனை மீட்டர் படகு வரைக்கும் தாங்கும், எவ்வளவு காத்து வரைக்கும்னு அதுலயே போட்டிருக்கும், படிச்சுட்டுக் கட்டுங்க. பகல்ல பலதுல 2 மணி நேரம்தான். வெள்ளைப் பிரமிடு மாதிரி மிதக்குறது வேற, அதுல கட்டக் கூடாது, அதுக்கும் கரைக்கும் நடுவுல நங்கூரம் போடக்கூடாதுன்னு குறிக்கிற எல்லை அது.

டிங்கிய கரையில விட்டுட்டு நடக்கப் போறதுக்கு முன்னாடி தண்ணி ஏறுதா எறங்குதான்னு பாருங்க. எறங்குதுன்னா திரும்பி வரும்போது உங்க டிங்கி தண்ணியிலருந்து அம்பது மீட்டர் தள்ளி மணல்ல உக்காந்திருக்கும், மோட்டாரோட அத எட்டு பேராலயும் தூக்க முடியல. ஏறுதுன்னா அது தானா கிளம்பிப் போயிடும். சின்னப் பசங்களுக்கு டிங்கியில லைஃப் ஜாக்கெட் எப்பவும் இருக்கணும்.

தூண்டில் எடுத்துட்டு வர்றவங்க, மேப்ல பச்சைக் கலர் போட்ட எடத்துல மீன் பிடிக்கவே கூடாது, கேமரா வச்ச ஆளுங்க சுத்துறாங்க. தண்ணியடிக்கிறவங்க, கேப்டனா பேர் குடுத்தவருக்கு கார் ஓட்டுற அதே 0.05 லிமிட்தான், நங்கூரம் போட்டு நின்னாலும் அது பொருந்தும். எங்க கேப்டன் மச்சான், நாலு நாளும் ஜிஞ்சர் பீர்.

யாரையாவது ஜெல்லி மீன் கொட்டிட்டா படகுல வினிகர் பாட்டில் இருக்கும், அத தாராளமா ஊத்துங்க, தேய்க்காதீங்க, நல்ல தண்ணி ஊத்தாதீங்க. உடனே ரேடியோ சேனல் 16ல கூப்பிடுங்க, போன் சிக்னல் இருந்தா அவசர உதவி எண் 000.

10. திருப்பிக் குடுக்குறது

கடைசி நாள் காலை பத்து பதினோரு மணிக்குள்ள படகு உள்ள வரணும். மரினாவுக்குள்ள நீங்க ஓட்ட வேண்டாம், வாசல்ல ரேடியோ போட்டா ஆள் வந்து ஏறி அவங்களே நிறுத்திப்பாங்க, எங்களுக்கு அப்படித்தான், உங்க கம்பெனியில எப்படின்னு முன்னாடியே கேட்டுக்கோங்க. அதுக்கு வசதியா கடைசி ராத்திரி ஏர்லிக்குப் பக்கமா நின்னுடுங்க, காத்து எதிர்ல இருந்தா மூணு மணி நேர வழி அஞ்சு மணி நேரம் ஆகும், லேட்டுக்கு மணிக்கணக்குல காசு.

குப்பை எல்லாத்தையும் கட்டி எடுத்துட்டு வாங்க, தீவுல தொட்டி கிடையாது. பாத்திரம், மெத்தை, டிங்கி எல்லாம் அவங்க செக் பண்ணும்போது கூடவே நில்லுங்க, கிளம்பும்போது எடுத்த போட்டோவும் கையில இருக்கட்டும். எங்க படகுல ஏற்கனவே இருந்த ஒரு கீறலுக்குக் காசு கேட்டாங்க, முதல் நாள் வீடியோவுல அது தெரிஞ்சதால விட்டுட்டாங்க. மெத்தை துவைக்க 120 டாலர் எடுத்துக்கிட்டாங்க, இட்லி மாவுக்கு நம்மகிட்ட வீடியோ இல்லையே. பாண்ட் மிச்சம் கார்டுக்குத் திரும்பி வர ஒன்பது நாள் ஆச்சு, அந்த லிமிட்ட நம்பி ஹோட்டல், கார் எதுவும் புக் பண்ணிடாதீங்க.

அன்னைக்கே ஃப்ளைட் எடுக்காம இன்னொரு ராத்திரி ஏர்லியில இருங்க. கரையில எறங்கினதும் தரை ஆடுற மாதிரியே இருக்கும், அத்தைக்கு ரெண்டு நாள் இருந்துச்சு. சனிக்கிழமையா அமைஞ்சா காலையில கடலோரத்துல சந்தை போடுவாங்க, அங்க மாமா ஒரு முழு தேங்காய வாங்கி, ஹோட்டல் பால்கனி படியில உடைச்சு, நாலு நாளா அவருக்குக் கிடைக்காத சட்னிய பக்கத்து ரூம்காரங்ககிட்ட கடன் வாங்குன ப்ளெண்டர்ல அரைச்சாரு.